எஸ்டொப்பலுக்கு ஜேர்மன்ல என்ன சொல்? ஒரே பைல்ல மூண்டு தரம் வருது, மூண்டும் வேற வேற மாதிரிக் கிடக்கு

கடல்காத்து (திருகோணமலை):

வணக்கம் எல்லாருக்கும். நான் உவர்மலையில வீட்டில இருந்து இங்கிலீஷ் ஜேர்மன் மொழிபெயர்ப்பு செய்யிறனான். பெரும்பாலும் ஹோட்டல் மெனு, புறாமலைக்கு டைவிங் போறாக்கள் கையெழுத்து வைக்கிற படிவம், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு இப்பிடித்தான் வரும். சட்டக் கடிதம் வருசத்துக்கு ஒண்டு ரெண்டு வந்தாப் பெரிய விசயம். போன கிழமை ஒண்டு வந்து வசமா மாட்டிட்டன்.

கதை இதுதான், ஆள் இடம் எல்லாம் மாத்தித்தான் போடுறன். நிலாவெளிப் பக்கம் ஒரு காணி, ஒரு ஜேர்மன்காரர் குத்தகைக்கு எடுத்து சின்னதா விடுதி நடத்துறார். குத்தகை உறுதியில இருக்கிற எல்லைக்கு வெளிய, அதே காணிக்காரற்ற மற்றத் துண்டில, ரெண்டு கபானா (சின்னக் கடற்கரைக் குடில்) போட்டிருக்கிறார். காணிக்காரர் அப்ப "நீங்க கட்டுங்கோ, பிறகு எழுதுவம்" எண்டவராம், கிடுகு வந்து இறங்கேக்க தானே ரோட்டில நிண்டு லொறிக்குக் கை காட்டினவராம். ஏழு வருசமா ஒரு கதையும் இல்ல, இப்ப நாலு வெள்ளைக்காரர் கூட வரத் தொடங்கின உடன அந்தத் துண்டை விட்டு எழும்பு எண்டு கடிதம். ஜேர்மன்காரற்ற சட்டத்தரணி இங்கிலீஷில பதில் எழுதினார், காணிக்காரற்ற பக்கத்தாலயும் திருப்பி ஒண்டு வந்திட்டுது. ரெண்டையும் நான் ஜேர்மன்ல மாத்திக் குடுக்கோணும், ஏனெண்டா அவர் தன்ர ஊர் வக்கீல் ஒராளிட்டயும் காட்டித்தான் காசு விசயம் முடிவெடுப்பாராம்.

எஸ்டொப்பல், அதாவது முந்திச் சொன்னதையோ செய்ததையோ பிறகு மறுக்க விடாத சட்ட விதி, மூண்டு இடத்தில வருது. முதலாவது, காணிக்காரர் சம்மதம் குடுக்கேல்ல எண்டு இனி மறுக்க ஏலாது, சான்றுக் கட்டளைச் சட்டம் 115ஆம் பிரிவு. ரெண்டாவது, ஏழு வருசம் பாத்துக்கொண்டு சும்மா இருந்தபடியா எஸ்டொப்பல் பை அக்வியசன்ஸ். மூண்டாவது மற்றப் பக்கத்துக் கடிதத்தில, காணி முழுக்க உங்கட ஆளின்ர இல்ல தமையன்ர பங்கும் கிடக்கு எண்டு ஜேர்மன்காரற்ற பக்கம் ஒரு இடத்தில இழுத்ததுக்கு, குத்தகைக்காரனா இருந்துகொண்டு காணிக்காரற்ற உரித்தைக் கேள்வி கேக்க ஏலாது, 116ஆம் பிரிவு எண்டு.

நான் என்ன செய்தன் எண்டா அகராதியில முதல் கிடந்த ஃபெர்விர்குங் (உரிமையை இழக்கிறது) எண்ட சொல்லை எடுத்து மூண்டு இடத்திலயும் போட்டுட்டன். பைல் அந்த ஜேர்மன் வக்கீலிட்ட இருந்து திரும்பி வந்திட்டுது. முதலாவதுக்குப் பக்கத்தில "யார் எந்த உரிமையை எப்ப இழந்தது?", மூண்டாவதுக்குப் பக்கத்தில மூண்டு கேள்விக்குறி மட்டும், வேற ஒண்டும் இல்ல. அந்த மூண்டு கேள்விக்குறியப் பாத்து ரெண்டு நாள் சோறு இறங்கேல்ல. இன்னொரு அகராதி, உரிமையைத் தடுக்கிற ஆட்சேபம் எண்ட மாதிரி ஒரு நீட்டுச் சொல் காட்டுது, அதை ஆரும் பேசி நான் கேட்டதே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திக் குடுக்கோணும். தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ பிளீஸ்.

---

ஹம்_பக்கத்தான் (ஜேர்மனி):

தங்கச்சி, நானும் திருக்கோணமலைதான், திருக்கடலூர். இஞ்ச வந்து இருவத்தஞ்சு வருசம், கோட்டில தமிழ் ஜேர்மன் உரைபெயர்ப்புக்குப் போறனான். முதல்ல ஒண்டு சொல்லுறன், எஸ்டொப்பலுக்கு ஜேர்மன்ல ஒரு சொல் இல்ல. தேடாத. இங்கிலீஷ்காரன் ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டின சாமானை ஜேர்மன்காரன் நாலு அஞ்சு தட்டில பிரிச்சு அடுக்கி வைச்சிருக்கிறான், நீ எந்தச் சாமான் எண்டு பாத்துத்தான் தட்டுக்குப் போகோணும்.

பெரிய தட்டு பேகேபே எண்ட அவையின்ர சிவில் சட்டக்கோவை, 1900 ஜனவரி 1 இலேர்ந்து நடைமுறையில கிடக்கிறது, அதில 242ஆம் பிரிவு. ஒரே ஒரு வசனம்தான். கடன்பட்டவன் ட்ரொய் உண்ட் கிளவ்பன் கேக்கிற மாதிரி, வழமையையும் பாத்து, தன்ர கடமையைச் செய்யோணும் எண்டு. ட்ரொய் எண்டா விசுவாசம், கிளவ்பன் எண்டா நம்பிக்கை. அந்த ஒரு வசனத்தைப் பிடிச்சு நூறு வருசத்துக்கு மேலா நீதவான்மார் தீர்ப்பு தீர்ப்பா வளத்த காட்டுக்குள்ளதான் உன்ர முதலாவது எஸ்டொப்பல் நிக்குது. அதை அவை லத்தீன்ல வெனிரே கொன்ட்ரா ஃபக்டும் ப்ரோப்ரியும் எண்டுவினம், தான் முந்திச் செய்ததுக்கு எதிரா தானே வாறது. வக்கீல்மார் ஜேர்மன்ல எழுதேக்க விடர்ஷ்ப்ரூஹ்லிஹெஸ் ஃபெர்ஹால்டன், முன்னுக்குப் பின் முரணான நடத்தை. உன்ர 115 இதுக்குக் கிட்ட வரும்.

ரெண்டாவதுக்கு நீ போட்ட ஃபெர்விர்குங் அவ்வளவு பிழையில்ல. ஆனா ஃபெர்விர்குங் எண்டு சொல்ல ரெண்டு சாமான் வேணும், ஒண்டு காலம், கனகாலம் உரிமையைப் பாவிக்காம இருந்திருக்கோணும். மற்றது சூழ்நிலை, இனிப் பாவிக்கமாட்டான் எண்டு மற்றவன் நம்புற மாதிரி இவன்ர நடத்தை இருந்திருக்கோணும், அவனும் அதை நம்பி ஏதாவது செய்திருக்கோணும். சும்மா ஏழு வருசம் போனது மட்டும் காணாது. அதுவும் காணி உரித்து எண்டு வந்தா இஞ்சத்த கோடு லேசில ஃபெர்விர்குங் எண்டு ஒத்துக்கொள்ளாது. அதால அந்த வக்கீல் "எப்ப" எண்டு கேட்டதில நியாயம் இருக்கு, முதலாவது இடத்தில காலக்கணக்கே இல்லையே, வாய் வார்த்தை குடுத்ததுதானே அங்க விசயம்.

இன்னொண்டு, ஃபெர்விர்குங் எண்ட சொல்லே நேர்மையான சொல் இல்ல. பேகேபே 339ஆம் பிரிவில ஒப்பந்தத் தண்டப்பணத்தின்ர ஃபெர்விர்குங் எண்டு வருது, அங்க அதுக்கு அர்த்தம் தண்டம் கட்டவேண்டிய நிலை வந்திட்டுது எண்டு! அவையின்ர அரசியலமைப்பு 18ஆம் உறுப்புரையில அடிப்படை உரிமைகளை இழக்கிறதும் ஃபெர்விர்குங்தான். தலைகீழாப் போனாலும் கஸ்டம், ஜேர்மன்லேர்ந்து இங்கிலீஷுக்கு இதை ஃபோர்ஃபிச்சர் எண்டு மாத்தினா, குத்தகைக் கடிதமா இருந்தா இங்கிலீஷ் வக்கீல் காணிக்காரன் குத்தகையை முறிச்சுப்போட்டான் எண்டுதான் வாசிப்பான். நான் ஒருக்கா இப்பிடி மாட்டிப்பட்டு வாங்கிக் கட்டினனான், அதால சொல்லுறன்.

மூண்டாவதுக்கு ஜேர்மன்ல தட்டே இல்ல. ஏனெண்டா இஞ்ச வாடகைக்கு விடுறவன் சொந்தக்காரனா இருக்கோணும் எண்டு சட்டம் கேக்கிறேல்ல, இன்னொருத்தன்ர வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், இருக்கிறவன் வாடகை கட்டத்தான் வேணும். அப்ப "உரித்தை மறுக்காத" எண்டு தனியா ஒரு விதி அவைக்குத் தேவைப்படேல்ல. கேள்விக்குறி மூண்டு போட்டது கோவத்தில இல்ல, மனுசனுக்கு உண்மையா விளங்கேல்ல.

இனி வேலைக்கு வருவம். பெயர்ச்சொல்லை விட்டுட்டு வினையாப் போடு. ஜேர்மன் வக்கீல்மார் எழுதுறதில தேஞ்சுபோன ஒரு தொடர் இருக்கு, கன் ஸிஹ் நிஹ்ட் டராவ்ஃப் பெரூஃபன், இன்னதைச் சொல்லித் தப்ப ஏலாது எண்டு அர்த்தம். இல்லாட்டி இஸ்ட் எஸ் ஃபெர்வேர்ட், அப்பிடிச் செய்ய இவருக்கு வழி அடைச்சுக் கிடக்கு. மூண்டு இடத்திலயும் இந்த வினை ஓடும். முதல் தரம் வரேக்க எஸ்டொப்பல் எண்ட சொல்லை அப்பிடியே சாய்வெழுத்தில விட்டு, கீழ அடிக்குறிப்பில ரெண்டு வரி, இது இலங்கைச் சட்டத்தில உள்ள கோட்பாடு, இன்ன பிரிவு எண்டு. 242 எண்டோ ட்ரொய் உண்ட் கிளவ்பன் எண்டோ மூலத்துக்குள்ள எழுதிப்போடாத. எழுதினா வாசிக்கிறவர் ஜேர்மன் சட்டம்தான் இந்தக் காணிக்கு ஓடுது எண்டு நினைச்சு அந்தப் பக்கம் போயிடுவார்.

---

நிலாவெளிப்_பொடியன்:

சட்டம் எனக்குத் தெரியாது, ஆனா கிடுகு ஏழு வருசம் நிக்காது. எங்கட கடற்கரைக் காத்துக்கும் மாரிக்கும் ரெண்டு வருசம் நிண்டாப் பெரிய புண்ணியம். அப்ப ஏழு வருசத்துக்குள்ள குறைஞ்சது மூண்டு தரம் கூரை பிரிச்சு மேஞ்சிருக்கோணும், காணிக்காரர் அதையும் பாத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?

---

கோட்டடி_ஐயா (திருகோணமலை):

பிள்ளை, நான் மாவட்ட நீதிமன்றத்தில முதலியாரா இருந்து ஓய்வெடுத்தனான். இப்பத்த பிள்ளையளுக்கு முதலியார் எண்டா சாதி எண்டு நினைப்பு வரும், கோட்டில உரைபெயர்க்கிறவருக்கும் அதுதான் பேர்.

ஜேர்மனியில இருக்கிற தம்பி சொன்னது சரி, ஆனா சொல்லின்ர அடியை ஒருக்காப் பாருங்கோ. எஸ்டொப்பல் பழைய பிரெஞ்சிலேர்ந்து வந்த சொல், போத்தல் வாயை அடைக்கிற தக்கை. 1628இல வந்த தன்ர புத்தகத்தில எட்வர்ட் கோக் எண்ட இங்கிலீஷ் நீதிபதி இதுக்கு விளக்கம் எழுதேக்க, ஒருத்தன்ர சொந்தச் செயலே அவன்ர வாயை அடைச்சுப்போடும், பிறகு உண்மையாவே இருந்தாலும் அதைச் சொல்ல விடாது எண்ட மாதிரி எழுதினவர். வாயடைப்பு! எங்கட தமிழ்ச் சொல்லே கிடக்கு. உண்மையா இருந்தாலும் சொல்ல விடாது எண்ட இடத்தைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ, ஜேர்மன்ல நீங்க போடுற வினையும் அதைத்தான் தூக்கோணும். பொய் சொல்லுறார் எண்டு இல்ல அந்தக் கடிதத்தில குற்றச்சாட்டு.

எனக்கு ஒரு ஞாபகம். மூதூர்ப் பக்கத்து ஆச்சி ஒராள் கூண்டில நிக்கிறா, காணி வழக்கு. அப்புக்காத்து எழும்பி யூ ஆர் எஸ்டொப்ட் எண்டு அடிச்சுவிட்டார். நான் அதை அந்த ஆச்சிக்கு என்னெண்டு சொல்லுறது? "நீங்க முந்தி ஒண்டு சொல்லி, அவர் அதை நம்பி நடந்திட்டார் ஆச்சி, இனி அது இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வாயில்ல" எண்டன். ஆச்சி என்னைப் பாத்து, "வாயில்லாமலே தம்பி விடியக்காத்தால பஸ் ஏறி இஞ்ச வந்து நிக்கிறன்?" எண்டா. கோடே சிரிச்சுது. நீதவான் பேனையை வைச்சிட்டார். ஆனா அதுக்குப் பிறகு ஆச்சிக்கு விசயம் தெளிவா விளங்கிட்டுது, அடுத்த கேள்விக்கு மறுமொழியே சொல்லேல்ல.

எங்கட சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம், 1872இல இந்தியாவில வந்ததைப் பாத்துச் செய்தது. 115இல என்ன வேணும் எண்டா, ஒருத்தர் சொல்லாலயோ செயலாலயோ செய்யாம விட்டதாலயோ, வேணுமெண்டு இன்னொருத்தரை ஒரு விசயம் உண்மை எண்டு நம்ப வைக்கோணும் அல்லது நம்ப விடோணும், அவர் அந்த நம்பிக்கையில ஏதாவது செய்யோணும். அப்பிடியெண்டா ரெண்டு பேருக்கும் இடையில வாற வழக்கில அந்த விசயம் பொய் எண்டு சொல்ல இவருக்கும் ஏலாது, இவற்ற பிரதிநிதிக்கும் ஏலாது. "செய்யாம விட்டதாலயோ" எண்டது அதுக்குள்ளயே கிடக்கு, அதால உங்கட முதலாவதும் ரெண்டாவதும் ஒண்டோட ஒண்டு உரசும், ஜேர்மன்ல ரெண்டு சொல்லாப் பிரிக்கேக்க அந்த உரசல் காணாமப் போகாமப் பாருங்கோ. அடிக்குறிப்பில 115இன்ர வாசகத்தை முழுசா மொழிபெயர்த்துப் போட்டா நல்லம்.

இன்னொரு இடத்தில ஜேர்மன்காரர் தடக்குப்படுவினம். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணியில ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சி வைச்சு எழுதோணும். "கட்டுங்கோ பிறகு எழுதுவம்" எண்டது வாய்க்கதை. சட்டம் எழுதெண்டு சொன்ன இடத்தில எஸ்டொப்பல் சட்டத்தையே தாண்டிப் போகுமோ எண்டதுதான் மற்றப் பக்கம் இறுக்கிப் பிடிக்கிற கயிறு. அது சட்டத்தரணிமாரின்ர தலையிடி, உங்கட இல்ல. ஆனா ஜேர்மனியில குத்தகைக்கு நொத்தாரிசு தேவையில்ல எண்டு நினைக்கிறன், தம்பி சொல்லட்டும், அப்பிடியெண்டா அவை அந்தப் பந்தியை வாசிச்சிட்டு இதென்ன புதுக்கதை எண்டுவினம்.

---

வைகைக்கரை (மதுரை):

வணக்கம்க்கா. நான் மதுரைல ஜூனியர் வக்கீல், ஜெர்மன் சுத்தமா தெரியாது, ஆனா இந்த டாபிக் பாத்ததும் கை சும்மா இருக்கல. எங்க ஊர்ல எஸ்டொப்பலுக்கு தமிழ்ல முரண்தடைன்னு சொல்றோம். ஐயா சொன்ன வாயடைப்பு சூப்பர், ஆனா மனுல எழுதுனா ஜட்ஜ் அடிக்க வருவாரு. 1872 சட்டம் இப்ப இங்க இல்லைங்க, 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய சாட்சிய அதினியம், அதுல 115 தான் இப்ப 121, உங்க 116 அங்க 122. பழக்க தோஷத்துல இன்னும் எல்லாரும் 115னுதான் சொல்றோம்.

ஒரு விஷயம் கவனிங்க, கடிதத்துல ப்ராமிசரி எஸ்டொப்பல்னு, அதாவது குடுத்த வாக்கை நம்பி நடந்தவனைக் காப்பாத்துற எஸ்டொப்பல், எங்கயாவது வருதா? அது வேற கதை. லண்டன்ல ஹை ட்ரீஸ்னு ஒரு அப்பார்ட்மெண்ட், 1937ல 99 வருஷ லீஸ், வருஷத்துக்கு 2500 பவுண்டு. யுத்தம் வந்து ஆளே இல்லாம ஃப்ளாட் காலியா கெடந்ததால 1940ல பாதி வாங்கிக்கிறேன், 1250 போதும்னு சொல்லிட்டாங்க. 1945ல ஆள் வந்து நெறைஞ்சதும் முழு வாடகை கேட்டாங்க. 1947ல ரிப்போர்ட் ஆன தீர்ப்புல ஜட்ஜ் டென்னிங் சொன்னது, ஃப்ளாட் நெறைஞ்சதுக்கு அப்புறம் முழுசா கேக்கலாம், ஆனா யுத்த காலத்துக்கு பின்னோக்கி போய் கேட்டிருந்தா முடியாது, நீ சொன்னதை நம்பி அவன் நடந்துட்டான். அதுக்கப்புறம் 1951ல கோம் எதிர் கோம் வழக்குல அதே டென்னிங், இதை வச்சு புதுசா வழக்கு போட முடியாதுன்னு கொஞ்சம் கடிவாளம் போட்டாரு, கேடயம்தான் வாள் இல்லைன்னு கூட உக்காந்த ஜட்ஜ் பர்க்கெட் சொன்னாரு. காணி நிலம்னு வந்தா மட்டும் ப்ரொப்ரைட்டரி எஸ்டொப்பல் வாளாவும் வேலை செய்யும், 2009ல தார்னர் எதிர் மேஜர்னு ஒரு வழக்கு, சம்பளமே வாங்காம முப்பது வருஷம் உறவுக்காரர் பண்ணைல மாடா உழைச்சவருக்கு பண்ணையையே குடுத்தாங்க.

இங்க 1979ல ரிப்போர்ட் ஆன மோதிலால் பதம்பத் சுகர் மில்ஸ் தீர்ப்புல ஜட்ஜ் பகவதி அதை அரசாங்கத்துக்கு எதிராவே பிடிச்சாரு, உத்தரப்பிரதேச அரசு புது வனஸ்பதி ஃபேக்டரிக்கு விற்பனை வரி விலக்குன்னு சொல்லிட்டு பல்டி அடிச்ச கேஸ். எனக்கு என்ன டவுட்னா ஜெர்மன்ல ப்ராமிசரி எஸ்டொப்பலுக்கு என்ன பண்ணுவாங்க?

---

ஹம்_பக்கத்தான்:

தம்பி நல்ல கேள்வி. மறுமொழி என்னெண்டா, ஒண்டும் பண்ணமாட்டினம், தேவையில்ல. இங்கிலீஷ் சட்டத்தில வாக்குக்குப் பதிலா ஏதாவது கைமாறு குடுத்தாத்தான் ஒப்பந்தம், அந்தக் கைமாறு இல்லாத வாக்கைக் காப்பாத்தத்தான் டென்னிங் உந்தப் பாடு பட்டவர். ஜேர்மன்ல கைமாறு எண்டு ஒரு நிபந்தனையே கிடையாது. பாதி வாடகை போதும் எண்டான், மற்றவன் ஓம் எண்டான், முடிஞ்சுது, பேகேபே 397ஆம் பிரிவில கடன் விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம். அரசாங்கம் வாக்குக் குடுத்திட்டு மாறினா அதுக்கு வேற தட்டு, ஃபெர்ட்ரவ்வன்ஸ்ஷுட்ஸ், நம்பிக்கைக்குப் பாதுகாப்பு.

ஐயா, இஞ்ச குத்தகைக்கு நொத்தாரிசு தேவையில்ல, சரி. காணி விக்கிறதுக்கு வேணும், 311பி. நொத்தாரிசு எண்ட சொல்லிலயும் கவனம் தங்கச்சி, இஞ்சத்த நோட்டார் ரெண்டு பக்கத்துக்கும் வாசிச்சு விளக்கிற ஆள், எங்கட ஊர் மாதிரி ஒருத்தர் தன்ர சட்டத்தரணியையே நொத்தாரிசாவும் பிடிக்கிறது எண்டு அவை யோசிக்கமாட்டினம்.

எஸ்டொப்பல் எண்டு அப்பிடியே விடுறதுக்கு உனக்குப் பயமெண்டா ஒரு தைரியம் தாறன். சர்வதேசச் சட்டம் எழுதுற ஜேர்மன்காரர் எஸ்டொப்பல் எண்டுதான் எழுதுவினம். அவைக்கு அது பழகின சொல், ஏனெண்டா அவையே மாட்டின வழக்கில வந்தது. 1969இல வடகடல் கண்டத்திட்டு வழக்கு, டென்மார்க்கும் நெதர்லாந்தும் ஒரு பக்கம், ஜேர்மனி மற்றப் பக்கம். ஜேர்மனி கைச்சாத்திட்டு ஆனா உறுதிப்படுத்தாம விட்ட ஜெனீவா ஒப்பந்தத்தின்ர சமதூர விதியை (ரெண்டு நாட்டுக் கரைக்கும் சம தூரத்தில எல்லை போடுறது), நீ முந்தி நடந்த விதத்தால ஏத்துக்கொண்டமாதிரித்தான் எண்டு டென்மார்க்கும் நெதர்லாந்தும் சொல்ல, ஹேக் நீதிமன்றம், எஸ்டொப்பல் இருந்தா மட்டும்தான் அந்த வாதம் நிக்கும், அதுக்கு அந்த ரெண்டு நாடும் அந்த நடத்தையை நம்பி நட்டப்பட்டிருக்கோணும், அப்பிடி ஒரு ஆதாரமும் இல்ல எண்டு விட்டிட்டுது. ஜேர்மனி தப்பிச்சுது.

---

கோட்டடி_ஐயா:

வடகடலை விடுங்கோ தம்பி, எங்களுக்குக் கிட்டின வழக்கு 1962ஆம் ஆண்டு பிரியா விகார். சிவன் கோயில்! தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மலை உச்சியில கோயில் ஆருக்கு எண்டு சண்டை. பிரெஞ்சுக்காரர் 1908இல குடுத்த வரைபடத்தில கோயில் கம்போடியப் பக்கம் கிடந்தது, தாய்லாந்து ஒண்டும் பேசாம வாங்கி வைச்சுது. 1930இல தாய்லாந்து இளவரசர் ஒராள் போய்ப் பாக்க, பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடி பறக்க வரவேற்றிருக்கிறார், அப்பவும் ஒரு சத்தமும் இல்ல. கடைசியில கோயில் கம்போடியாவுக்கு. கோணேசர் கோயிலடியில இருந்துகொண்டு இதை வாசிக்கேக்க உடம்பு ஒருக்காச் சிலிர்க்கும்.

கைமாறு பற்றி. எங்கட சிவில் சட்டத்துக்கு அடி உரோமன் டச்சுச் சட்டம், அதால ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷ் கைமாறு இஞ்சயும் தேவையில்ல, நியாயமான காரணம் இருந்தாக் காணும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில 1918இல, அப்ப எங்களுக்கு மேல்கோடா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சிலே அப்பிடிச் சொல்லிட்டுது. ஒப்பந்தம் உரோமன் டச்சு, சான்றுச் சட்டம் இங்கிலீஷ், கடிதம் எழுதினவர் படிச்சது ரெண்டும் கலந்து. ஜேர்மன்காரரும் உரோமச் சட்டத்துப் பேரன்தான், பிள்ளை. அதால கடிதத்தில எங்கயாவது லத்தீன் வந்தா மொழிபெயர்க்க நிக்காதேங்கோ, அப்பிடியே விடுங்கோ, இங்கிலீஷை விட அது அவைக்கு நல்லா விளங்கும்.

நிலாவெளித் தம்பி சொன்ன கிடுகுக் கதை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அதைச் சட்டத்தரணிக்குச் சொல்லுறது ஜேர்மன்காரற்ற வேலை.

---

கடல்காத்து:

எல்லாருக்கும் கோடி நன்றி, உண்மையா அழுகை வந்திட்டுது. ராத்திரி இருந்து திரும்ப எழுதினன், கரண்டும் போய் போன் வெளிச்சத்திலதான் பாதி. முதலாவது இடம் இப்பிடி வந்திருக்கு, தமிழ்ல சொல்லுறதெண்டா: "குத்தகை கொடுத்தவர், தான் சம்மதம் தரவில்லை என்று இனிச் சொல்லித் தப்ப முடியாது (எஸ்டொப்பல், அடிக்குறிப்பு 1)". ரெண்டாவதில அக்வியசன்ஸுக்கு, எதிர்ப்புக் காட்டாம விட்டபடியா வழி அடைச்சுக் கிடக்கு எண்டு வினையாப் போட்டுட்டு, அடிக்குறிப்பில மட்டும் ஜேர்மன் ஃபெர்விர்குங்குக்குக் கிட்ட வரும் ஆனா அதே இல்ல எண்டு ஒரு வரி. மூண்டாவதில, குத்தகை தொடங்கேக்க கொடுத்தவருக்கு உரித்து இருந்தது எண்டதை குத்தகை நடக்கிற காலத்தில மறுக்கிறது குத்தகைக்காரருக்கு அனுமதியில்ல எண்டு நீட்டி. 115, 116 ரெண்டும் முழு வாசகமா அடிக்குறிப்பில. பக்கம் ரெண்டு கூடிட்டுது, காசு கூட்டிக் கேக்க வெக்கமாக் கிடக்கு.

ஹம் அண்ணா, ஒண்டு. "ஏலாது" எண்டு நேரடியாப் போட்டா, அது கோடு தீர்ப்புச் சொன்ன மாதிரி வராதா? சட்டத்தரணி தன்ர பக்கத்து வாதமாத்தானே சொல்லுறார்.

---

ஹம்_பக்கத்தான்:

கெட்டிக்காரி. அதுக்குத்தான் ஜேர்மன்ல கொன்யுங்டிஃப் இருக்கு, அவர் சொன்னதா இவர் சொல்லுற வினை வடிவம். ஆனா கடிதத்தின்ர உடம்பில போடாத, அது அவரே தன்ர பேர்ல எழுதின கடிதம், அவர் எவ்வளவு அடிச்சுச் சொன்னாரோ அவ்வளவு அடிச்சுத்தான் நீயும் சொல்லோணும். நீ சுருக்கம் எழுதிக் குடுத்தா அங்க போடு. மற்றது, அடிக்குறிப்பில "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு" எண்டு தலையில எழுத மறந்திடாத, இல்லாட்டி அதையும் சட்டத்தரணி எழுதினது எண்டு நினைச்சு அதுக்கும் ஒரு மறுமொழி எழுதுவினம். காசைக் கேள். வெக்கப்படாத.

---

வைகைக்கரை:

அக்கா அப்டேட் குடுங்க, கேஸ் என்னாச்சுன்னு தெரிஞ்சாகணும்.

---

கடல்காத்து:

கேஸ் இன்னும் கோட்டுக்கே போகேல்ல தம்பி, கடிதம்தான் ஓடிக்கொண்டிருக்கு. வெள்ளி குடுத்தன், இந்த முறை கேள்விக்குறி ஒண்டும் வரேல்ல, "நன்றி, இப்ப விளங்குது" எண்டு ஒரு வரி. அதோட ஜேர்மன்காரர் எனக்கு போன் அடிச்சு, அப்ப கபானா எனக்கோ அவருக்கோ எண்டு கேக்கிறார். நான் மொழிபெயர்க்கிற ஆள், அதை உங்கட சட்டத்தரணியிட்டக் கேளுங்கோ எண்டு வைச்சிட்டன்.

ஆனா இண்டைக்குக் காலம இன்னொரு கவர் வந்திருக்கு. நிலாவெளிப்_பொடியன், நீ ஒரு தீர்க்கதரிசி! கூரை மேஞ்ச பில்லுகள், மூண்டு வருசத்தது. மூண்டிலயும் கிடுகு வித்த ஆள் ஆர் எண்டு பாத்தா, காணிக்காரற்ற கையெழுத்து. இதையும் ஜேர்மன்ல போடோணுமாம். இப்ப அடுத்த பிரச்சினை, கிடுகுக்கு ஜேர்மன்ல என்ன சொல்?

---

ஹம்_பக்கத்தான்:

கெஃப்லொஹ்டனே கொகொஸ்பால்ம்ப்ளெட்டர், பின்னின தென்னோலை. இதுக்கு அடிக்குறிப்பு வேண்டாம்.